பொங்கல் 1968: படத்தில் நின்றவர்களுக்குப் பெயர் தந்தோர்க்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். என் தந்தையார் காலமான பின், அவருடைய தகரப் பெட்டியில் பழைய சம்பளச் சீட்டுகளுக்கு அடியில் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் கிடைத்தது. சிங்கப்பூரில், செம்பவாங் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் தொழிலாளர் குடியிருப்பு வாசலில் வேட்டி சட்டையுடன் ஆறு பேர் நிற்கிறார்கள்; காலடியில் மஞ்சள் கொத்து கட்டிய பொங்கல் பானை; பின்புறம் அப்பாவின் கையெழுத்தில் "பொங்கல் 1968". அப்பாவைத் தவிர மற்ற ஐவரும் யாரென்று எனக்குத் தெரியவில்லை. இன்று ஐவரின் பெயரும் என்னிடம் இருக்கிறது. அதற்கு உதவியவர்கள் தங்கள் பெயர் வெளிவர வேண்டாமென்று கேட்டுக்கொண்டதால், பெயர் குறிப்பிடாமலே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி ஈசூனில் வசிக்கும் அம்மாவுக்கு. கேன்பரா சாலையிலிருந்து ஈசூனுக்கு இடம்பெயர்ந்த புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தில், பங்குனி உத்திரத்தன்று அன்னதான வரிசையில் நின்றபடி நான் யாரிடமோ படத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது, "இங்கே கொடு தம்பி" என்று வாங்கி, கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். முகங்களை அவர் பார்க்கவில்லை. பானைக்கு முன்னால் பாதி மட்டும் தெரிந்த கோலத்தின் மேல் விரலை வைத்து, "இது நான் போட்டது. பதினைந்து புள்ளி. கல்யாணமாகி வந்த முதல் பொங்கல், மாவு பத்தாமல் பக்கத்து வீட்டு அக்காவிடம் வாங்கிப் போட்டேன்" என்றார். அதன் பிறகே ஆட்களிடம் வந்தார். இடக்கைச் சுண்டுவிரல் பாதியாக இருந்தவரை அந்த விரலை வைத்தே வெல்டர் மாமா என்று அடையாளம் சொன்னார். ஓரத்தில் தலை சாய்த்து நிற்பவர் தம் கணவர் என்பதைச் சொல்லத்தான் அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

பழைய செய்தித்தாள்களைத் தேடி எடுத்துக் காட்டிய நூலக அலுவலருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். எழுபதுகளின் நடுப்பகுதி வரை வேலை இருக்கும் என்று தளத்துத் தொழிலாளர்கள் எண்ணியிருந்த நிலையில், 1971 இறுதிக்குள் படைகள் விலக்கிக்கொள்ளப்படும் என்று பிரிட்டிஷ் பிரதமர் ஹரால்ட் வில்சன் அறிவித்த நாள் 1968 ஜனவரி 16. படத்திலிருக்கும் பானை பொங்கி ஓரிரு நாள்தான் ஆகியிருக்கும்! அவர்கள் ஆறு பேரும் அப்படி வாய்விட்டுச் சிரிப்பதை இப்போது பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

"கேஜி சிக்ஸ்" என்று அப்பா சொல்லக் கேட்டே வளர்ந்த அந்தக் கப்பல் துறை, 1938இல் திறக்கப்பட்ட ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறையாகும். தளம் கைமாறி செம்பவாங் கப்பல் பட்டறை ஆனபோது அப்பாவுக்கு அதிலேயே வேலை கிடைத்தது. படத்தில் இருக்கும் இருவர் ரஜூலா கப்பலேறி நாகப்பட்டினத்துக்கே திரும்பிவிட்டனர். அவர்களில் ஒருவரின் பேரன், முன்பின் தெரியாத என்னை நம்பி, தாத்தாவின் பழைய தளப் பணி அட்டையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தார். மீதிப் பெயர்கள் தெளிவானது அவரால்தான்.

படத்தைச் சீர்செய்து கொடுத்த தேக்கா படக்கடைக்காரருக்கும் என் நன்றி. பூச்சி அரித்த முகத்தைக் கணினியில் புதிதாக வரைந்து நிரப்பினால் அது வேறொருவர் முகமாகிவிடும், அரித்த இடம் அரித்தபடியே இருக்கட்டும் என்று அவரே எடுத்துச் சொன்னார்.

பிரதிகள் தயாராகிவிட்டன, ஒவ்வொன்றின் பின்னாலும் ஆறு பெயர்களையும் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஈசூன் அம்மாவிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப் போவதாகத் தொலைபேசியில் சொன்னேன். "சட்டம் போடும்போது கோலத்தை மறைத்துவிடாதே" என்றார். மறைக்கவில்லை, அம்மா. ஒரு அளவு பெரிய சட்டமாகவே வாங்கியிருக்கிறேன்.

நன்றியுடன்,
செம்பவாங்கில் வளர்ந்த ஒரு தொழிலாளியின் மகன்