தம்பிக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். அங்கே அறுவடை முடிந்திருக்கும். முடிந்ததும் பேசுகிறேன் என்றாய், அதனால்தான் நானாகக் கூப்பிடாமல் இருந்தேன். வேளைக்குச் சாப்பிடு.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கிணற்றடிப் பந்தலில் திராட்சைக் குலை கறுத்து வருகிற நேரம் பார்த்து விடாமல் பெய்துவிட்டது. காம்போரத்தில் பழம் வெடித்து, சாறு வடிந்து, ஒரே ஈயும் எறும்பும். மேலப் பந்தலில் செவட்டை நோய். இலையின் மேலே மஞ்சள் திட்டு, புரட்டினால் அடியில் வெள்ளைப் பூசணம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துப் போர்டோ கலவை அடித்தோம். அந்த மருந்து பிறந்ததே பிரான்சில் நீ இருக்கிற மெடோக் பக்கம்தான் என்று சொல்லியிருந்தாயே, மருந்தடிக்க வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னேன். என் மகன் அங்கேதான் இருக்கிறான் என்றும் சொன்னேன்.

நீ அனுப்பிய தோட்டத்துப் படத்தை இன்னும் அழிக்கவில்லை. மண்ணே தெரியாமல் வெறும் கூழாங்கல்லாகக் கிடக்கிறதே, இதில் எது விளையும் என்று கேட்டேன். கல் பகல் சூட்டை வாங்கி வைத்திருந்து ராத்திரியில் கொடிக்குக் கொடுக்கும், மழைத் தண்ணீர் தேங்காமல் இறங்கிவிடும், வேர் ஈரத்தைத் தேடி ஆழத்துக்குப் போகும், பழம் சிறுத்தாலும் சாறு கெட்டியாக இருக்கும் என்றாய். ஆற்றுக்கு அந்தக் கரையில் களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும், அது ஈரம் பிடிக்கிற குளிர்ந்த மண், அதில் மெர்லோ என்கிற திராட்சைதான் நன்றாக வரும், மெதுவாகப் பழுக்கிற கேபர்னே திராட்சைக்குக் கல் நிலத்துச் சூடு வேண்டும் என்றாய். முகத்துவாரத்தை ஒட்டிய தோட்டங்களில் பனி அவ்வளவாகக் கருக்காது என்றும் சொன்னாய். எல்லாம் ஞாபகம் இருக்கிறது. நீ அப்படிப் பேசினால் நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

நம் கொடி தூங்குவதே இல்லை. அங்கேபோல் குளிர்காலம் இருந்தால்தானே தூங்கும். கவாத்து பண்ணினால் துளிர்க்கிறது, நாலு மாதத்தில் பழம், அப்புறம் மறுபடியும் கவாத்து. கம்பம் பன்னீர் திராட்சை வருஷம் முழுக்கச் சந்தைக்குப் போவது அதனால்தான். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நீதானே முதலில் போன் பண்ணிச் சொன்னாய். நம் பக்கம் வரவேண்டிய தென்மேற்கு மழையை மலை கேரளத்திலேயே இறக்கிவிடுகிறது. பென்னிகுவிக் 1895-ல் அணையைக் கட்டி, மலையைக் குடைந்து அந்தத் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பாமல் இருந்திருந்தால் இந்தப் பள்ளத்தாக்கில் இத்தனை பந்தல் ஏது? ஆற்றில் தண்ணீர் ஓடினால்தான் நம் கிணறு ஊறுகிறது. அதையும் கண்டபடி விட முடியாது. பழுக்கிற சமயத்தில் தண்ணீர் கூடினால் பழத்தில் இனிப்பு நிற்காது. தண்ணீரைத் திறக்கிறவனுக்கு நிறுத்தவும் தெரிய வேண்டும் என்று உன் பெரியப்பா சொல்வார். அவருக்கு அது தோட்டத்தில் மட்டும்தான் தெரிந்தது.

வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதே தம்பி. கஞ்சியாவது வைத்துக் குடித்துவிட்டுப் போ.

அன்றைக்கு நடு ராத்திரியில் பேசினாயே, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாய். லைன் சரியில்லை, அவனுக்கும் களைப்பு என்று அக்காவிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு நீ கூப்பிடவே இல்லை.

ஒயின் படிப்பா என்று சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தபோது யார் பேசினது? நான்தான். அது மண்ணையும் தண்ணீரையும் படிக்கிற படிப்பு, என் மாமனார் எழுத்தறியாமல் செய்ததை என் மகன் படித்துவிட்டுச் செய்யப்போகிறான் என்றேன். இந்தப் பன்னீர்க் கொடியையே ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் கொண்டுவந்தார் என்கிறார்கள், அவர்கள் ஊருக்கு நம் பிள்ளை போனால் என்ன என்று கேட்டேன். உன் சித்தப்பா வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் வாரத்துக்கு ஒரு தரம் அம்மாவிடம் பேச முடியாத அளவுக்கு அங்கே என்ன வேலை?

பெரியம்மா வெள்ளிக்கிழமை வந்திருந்தார். உன்னைக் கேட்டார். நன்றாக இருக்கிறான் என்று சொல்லி அனுப்பினேன். அந்த வீட்டில் அவர் பட்டது உனக்கே தெரியும், நான் எழுத வேண்டியதில்லை.

சுவை பார்க்கிற வேலையில் வாயில் வைத்துவிட்டுத் துப்பிவிடுவோம், விழுங்க மாட்டோம் என்று கிளம்பும்போதே சொன்னாய். நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். வேலை நேரத்தில் துப்புவாய், சரி. சாயங்காலம் அறைக்குத் திரும்பிய பிறகு எப்படி? அதை மட்டும் எனக்கு எழுது. நான் அக்காவிடம் காட்ட மாட்டேன், பெரியம்மாவிடம் சொல்ல மாட்டேன். போனில் சொல்ல முடியாவிட்டால் காகிதத்தில் எழுது. சாப்பிட்டுவிட்டு எழுது.

அம்மா