அப்பா விட்டுப்போன இரண்டு கம்பிகள்

அன்புள்ள நண்பா,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. நீ போட்ட இரண்டு கடிதங்களும் மேசைமேலேயே இருக்கின்றன. பார்க்கும்போதெல்லாம் மனசு உறுத்துகிறது. மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். அக்காவுக்கு முழங்கால் வலி தேவலை. சின்னவன் மறுபடியும் வேலை மாறிவிட்டான். உன் கண் ஆபரேஷன் எப்படி ஆயிற்று? "பரவாயில்லை" என்று ஒரே சொல்லில் முடிக்காமல் விவரமாக எழுது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் மாடல் ரயில் எஞ்சின் கருப்பியைத் திறந்துவிட்டேன்.

கோபப்படாதே, முழுசாகப் படி. எஞ்சின் எனக்கு, அதன் பின்னால் கோக்கும் கரிவண்டியான டெண்டர் உனக்கு என்று அன்றைக்குப் பிரித்துக்கொண்டபோது நீ வைத்த நிபந்தனை நன்றாக நினைவிருக்கிறது. விளக்கு மட்டும் வைக்கக் கூடாது. "விளக்கு வைத்தால் அது எஞ்சின் இல்லை, பொம்மை" என்று அப்பா சொன்னதை நீ மட்டுமா கேட்டாய், நானும் பக்கத்தில்தான் இருந்தேன். இத்தனை வருடமும் அந்த வார்த்தையை மீறவில்லை. இப்போதுகூட மோட்டாருக்கு எண்ணெய் விடத்தான் பாய்லரைக் கழற்றினேன்.

உள்ளே ஒரு பல்பு இருந்ததடா.

கோதுமை மணி பல்பு என்று விற்பார்களே, அது. பாய்லரின் முன்முனையில், புகைப்பெட்டிக் கதவுக்குப் பின்னால் பசை போட்டு ஒட்டியிருந்தது. பல்பின் கண்ணாடி கருத்துப்போயிருந்தது. அதைச் சுற்றி பாய்லரின் உள்சுவர் மெழுகு உருகினாற்போல் வழிந்து உறைந்திருந்தது. முன்விளக்கின் நடுவில் ஒரு சின்னத் துளை. அதை வெளியிலிருந்து வெள்ளி வண்ணம் பூசி மூடியிருக்கிறார். அந்த வெள்ளிப் புள்ளியை நீயும் நானும் எத்தனை முறை துடைத்திருப்போம்! அதற்குப் பின்னால் ஒரு துளை இருக்கும் என்று ஒரு நாளாவது தோன்றியதா?

ஆக, அப்பா விளக்கு வைத்துப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, நம்மிடம் சொல்லாமல் மூடிவிட்டார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. ஏன் கைவிட்டார் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். சூடு ஒரு காரணம், அது உருகிய பிளாஸ்டிக்கைப் பார்த்தாலே தெரிகிறது. அந்த மாதிரி 12 வோல்ட் பல்பு ஒன்று சுமார் 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். முக்கால் வாட்டுக்கும் குறைவுதான், ஆனால் விரல்நுனி அளவுள்ள மூடிய பெட்டிக்குள் அந்தச் சூடு வெளியே போக வழியில்லை. பாலிஸ்டைரீன் 100 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும்.

ஆனால் அதைவிடப் பெரிய ஏமாற்றம் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். நம் பழைய கன்ட்ரோலரில் தண்டவாளத்துக்குப் போகும் வோல்டேஜைக் கூட்டினால்தான் வண்டியின் வேகம் கூடும். விளக்கும் அதே தண்டவாளத்திலிருந்துதான் மின்சாரம் எடுக்கிறது. வண்டி நின்றால் விளக்கு அணையும். ஊர்ந்தால் சாம்பல் மூடிய தணல்போல் மினுங்கும். முழு வேகத்தில் கண்ணைப் பறிக்கும். அப்பா வாழ்நாள் முழுக்க ரசித்தது எதை? ராத்திரியில் நடைமேடையில் நிற்கிற எஞ்சினை. விளக்கு எரிய, மெல்ல மூச்சு விட்டுக்கொண்டு அது நிற்கிற நிலையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவாரே! அவருக்குக் கிடைத்ததோ நின்றவுடன் அணைந்துபோகிற விளக்கு. அந்த வெறுப்பில்தான் பொம்மை என்று சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். விளக்கே வேண்டாம் என்று அவர் நினைத்திருக்கவே மாட்டார்.

அந்தத் துளையில் விளக்கு எரிந்தாக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். உன்னிடம் கேட்காமல் செய்தது தப்புதான். கேட்டிருந்தால் நீ விட்டிருக்க மாட்டாய்.

நின்றாலும் எரிய வேண்டும் என்றால், டிஜிட்டல் முறையில் எஞ்சினுக்குக் கட்டளை அனுப்பும் டிசிசிதான் நல்ல வழி. தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்டேஜ் இருக்கும். எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் நம் கட்டளைப்படி மோட்டாருக்கு இவ்வளவு, விளக்குக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கும். கருப்பியில் ஒரு சிக்கல். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் பிரஷ்களில் ஒன்று நேராக அடிச்சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதைத் தனியாகப் பிரிக்காமல் டிகோடரை இணைத்தால் மின்சாரம் கொடுத்த கணமே டிகோடர் போய்விடும். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அந்த இன்சுலேஷன் வேலைக்கே சரியாகிவிட்டன.

அத்தனை கவனமாக இருந்தும் முதல் டிகோடரைச் சாகடித்தேன். நீலக் கம்பி எல்லா விளக்குகளுக்கும் பொதுவான நேர்முனை; வெள்ளை முன்விளக்குக்கு, மஞ்சள் பின்விளக்குக்கு. நிறம் பார்த்துச் சரியாகத்தான் இணைத்தேன். ஆனால் வெள்ளைக் கம்பியில் சால்டர் வைத்த இடத்தை மூடாமல் விட்டிருந்தேன். பாய்லருக்குள் எடைக்காக ஓர் உலோகக் கட்டி இருக்கிறதே, மேல்மூடியைத் திருகும்போது அது அங்கே போய் உரசிவிட்டது. அந்த வாசனை வந்ததும் புரிந்துவிட்டது. மனசு அப்படியே விட்டுப்போயிற்று, ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. இப்போது ஒவ்வொரு இணைப்புக்கும் சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு, எடைக்கட்டி முழுவதையும் மின்சாரம் கடத்தாத காப்டன் டேப்பால் சுற்றிவிட்டேன். நீ எப்போதாவது இந்த வேலையில் இறங்கினால் அந்த டேப்பை முதலில் ஒட்டு, அப்புறம் மற்றதைப் பார்.

பல்புக்குப் பதிலாக நான் வைத்த எல்இடி 0603 என்ற அளவு. 1.6 மில்லிமீட்டர் நீளம், 0.8 அகலம். கடுகைவிடச் சிறியது. அதில் தலைமுடி கனத்தில் இரண்டு எனாமல் கம்பிகளைச் சால்டர் வைக்க வேண்டும். பூதக்கண்ணாடிக்கு அடியில் என் விரல் நடுங்குவதைப் பார்த்தேன். முன்பெல்லாம் இப்படி இல்லை. இன்னும் எத்தனை வருடம் கை ஒத்துழைக்கும் என்று முதல் தடவையாக ஒரு பயம் வந்தது. உனக்கும் கண் இப்படி ஆன நேரம். இதையெல்லாம் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கக் கூடாதடா.

சரி, கேள். வெளிச்சத்தின் அளவில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். எல்லோரும் சொல்கிறபடி 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டேன். டிகோடரிலிருந்து 13 வோல்ட் வந்தால், எல்இடி 3 வோல்ட் எடுத்துக்கொள்ள, மீதி 10. அப்படியென்றால் 10 மில்லி ஆம்பியர் ஓடும். எஞ்சின் முன்னால் சூரியனைக் கட்டி வைத்தாற்போல் இருந்தது. பாய்லரின் பிளாஸ்டிக் வழியாகவே வெளிச்சம் கசிந்து புகைப்பெட்டி முழுக்க மினுமினுத்தது. அதைப் பார்த்திருந்தால் நீயும் பொம்மை என்றுதான் சொல்லியிருப்பாய், நானும் ஒப்புக்கொண்டிருப்பேன். உள்சுவருக்கு இரண்டு பூச்சு கருப்பு வண்ணம் அடித்தேன். அப்புறம் ரெசிஸ்டருக்குப் பதிலாக ஒரு வேரியபிள் ரெசிஸ்டரை வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, இதுதான் சரி என்று கண் சொல்லும்வரை மெதுவாகத் திருகினேன். மல்டிமீட்டரில் அளந்தால் கிட்டத்தட்ட 10 கிலோ ஓம். வெறும் 1 மில்லி ஆம்பியர் போதும்! அப்பாவின் பல்பு இழுத்ததில் அறுபதில் ஒரு பங்கு. தொட்டுப் பார்த்தால் சூடே தெரியவில்லை.

நிறத்துக்கும் ஒரு போராட்டம் நடந்தது. முதலில் ஒளி புகும் ஆரஞ்சு வண்ணத்தை எல்இடி மேல் இரண்டு தடவை பூசினேன், மண்ணெண்ணெய் விளக்கு மாதிரி அழகாக இருந்தது. ஆனால் கருப்பியில் எண்ணெய் விளக்கு எப்படி வரும்? பாய்லர் மேல், ஓட்டுநர் நிற்கும் கேபுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு குட்டி உருளை இருக்கிறதல்லவா? அதை ஊதல் என்று சொல்லி என்னோடு மூன்று நாள் பேசாமல் இருந்தாயே! அது ஊதல் இல்லையடா, டர்போ ஜெனரேட்டர். பாய்லரின் நீராவியில் கொஞ்சம் அதற்குள் போய் ஒரு சின்ன டர்பைனைச் சுழற்றும், அது டைனமோவைச் சுழற்றும். அமெரிக்க எஞ்சின்களில் வழக்கமாக 32 வோல்ட். அது இருந்தால் முன்விளக்கு மின்சார பல்புதான். ஆரஞ்சைச் சுரண்டிவிட்டு, வெதுவெதுப்பான வெள்ளை எல்இடி மேல் ஒரே ஒரு மெல்லிய பூச்சோடு நிறுத்திக்கொண்டேன். ஊதல் விஷயத்தில் நீ தோற்றுவிட்டாய் என்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டு பதில் போடு.

எண்ணெய் விளக்கு வைத்த எஞ்சின்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உன்னிடம் இருக்கும் பச்சை எஞ்சின் அந்த வகை. பிரிட்டனில் எஞ்சின் முன்னால் மாட்டிய விளக்குகள் பாதைக்கு வெளிச்சம் காட்ட வைத்தவை இல்லை. வருவது என்ன வண்டி என்று சிக்னல்காரர் தூரத்திலிருந்தே தெரிந்துகொள்வதற்காக வைத்தவை. எஞ்சின் முன்னால் இடியைத் தாங்கும் இரண்டு பஃபர்களுக்கும் மேலே ஒவ்வொரு விளக்கு இருந்தால் எக்ஸ்பிரஸ். புகைபோக்கிக்கு அடியில் ஒன்று மட்டும் இருந்தால் எல்லா இடத்திலும் நின்று போகிற பயணிகள் வண்டி. அமெரிக்காவில் வேலியில்லாத பாதையில் ராத்திரி ஓட வேண்டும், அதனால் பெரிய விளக்கு. அங்கேயும் எதிரே வண்டி வந்தால் மங்கலாக்க வேண்டும் என்று இயக்க விதிகளில் 17ஆம் விதி இருந்தது. டிகோடர்களிலும் அதே எண்ணைச் சொல்லி ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். பச்சைக்கு நீ விளக்கு வைத்தால் கருப்பியைவிட மங்கலாக, நன்றாக ஆரஞ்சாக வை. அறை இருட்டாக இருந்தால் மட்டும் தெரிகிற அளவுக்கு.

நெருப்புப் பெட்டிக்கும் செய்யலாம், மஞ்சளும் சிவப்புமாக இரண்டு எல்இடி வைத்து மினுக்கவிடலாம் என்று சொல்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. கரி போடக் கதவைத் திறக்கும்போதுதான் நெருப்பு கேபில் தெரியும். நன்றாக எரியும் நெருப்பு கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருக்கும். எந்நேரமும் செக்கச்செவேல் என்று மினுக்கிக்கொண்டிருந்தால் அப்பாவின் வாக்கு பலித்துவிடும்.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி ஓட்டிப் பார்த்தேன். கடன் வாங்கிய ஒரு டெண்டரை மாட்டி, மேசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினேன். நின்றது. விளக்கு அணையவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நீ பக்கத்தில் இல்லை என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை.

இல்லை, இன்னொரு குறை உண்டு. ஓடும்போது பாதை இணைப்புகளில் விளக்கு ஒரு கணம் துடிக்கிறது. சக்கரத்தைத் துடைத்தாலும் முழுசாகப் போகவில்லை. ஒரு கெப்பாசிட்டர் வைத்தால் அந்தக் கணத்தைத் தாங்கிக்கொள்ளும், ஆனால் எஞ்சினுக்குள் துளி இடம் இல்லை. டிகோடரையே கேபுக்குள் திணித்து வைத்திருக்கிறேன், ஜன்னல் வழியாகத் தெரிகிறது. இரண்டுமே டெண்டரில் இருக்க வேண்டியவை. கடன் டெண்டர் உயரம் பொருந்தவில்லை, அதை நான் வெட்டவும் முடியாது.

அப்புறம், நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு முக்கியமான காரணம் இது. பல்பிலிருந்து வரும் கம்பிகளைத் தவிர, முன்னாலிருந்து பின்னால்வரை இன்னும் இரண்டு மெல்லிய கம்பிகள் போகின்றன. கேபின் தரைக்கு அடியில், டெண்டரைக் கோக்கும் இடத்தில், இரண்டையும் வெட்டி, நுனியை மடக்கி, துணி டேப் சுற்றியிருக்கிறார். அவர் கட்டு கட்டுகிற விதம் உனக்குத் தெரியுமே, அதே மூன்று சுற்று. அவை எங்கே போயிருக்கும்? உன் டெண்டருக்குள்தான் போயிருக்க வேண்டும்.

டெண்டரின் கரிக் குவியலை மெதுவாக நெம்பினால் தனியாகக் கழன்று வரும். டார்ச் அடித்து உள்ளே பார். பின்பக்க விளக்குக்குப் பின்னால் துளை இருக்கிறதா, பல்பு இருக்கிறதா, அங்கேயும் பிளாஸ்டிக் உருகியிருக்கிறதா என்று பார். எதையும் பிடுங்காதே, மின்சாரம் கொடுக்காதே. கண் இன்னும் சரியாகவில்லை என்றால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல். பார்த்த அன்றே எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி