போக்கர் விளையாடும் பெடியளை வெளியே அனுப்பாதீர்கள்: வன்னி அதிபர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, துணுக்காய், மடு, வவுனியா வலயங்களின் பாடசாலை அதிபர்களுக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தாருக்கும்,

வணக்கம். உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். இருபது வருடத்துக்கு மேலாக வன்னியில் உயர்தர இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். 2008 கடைசியில் தருமபுரம் பக்கம் மரத்தடியில் கரும்பலகையைச் சாத்திவைத்து வகுப்பு எடுத்தவர்களில் நானும் ஒருவன். அடுத்த வருடம் ஓகஸ்டில் மெனிக் பாம் முகாமுக்குள் இருந்தே எங்கள் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். அதைப் பார்த்தவன் என்பதால்தான் ஒரு பிள்ளை பரீட்சை எழுதாமல் போவதை என்னால் தாங்க முடிவதில்லை. இந்த மடலின் கீழ் என் பெயர் இருக்காது. பெயரைப் போட்டால் நான் சொல்லப்போகும் பிள்ளை யாரென்று ஊர் கண்டுபிடித்துவிடும்.

போன தவணையில் என் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு இரண்டு கிழமை வகுப்புத்தடை போட்டார்கள். போனில் காசுக்குப் போக்கர் என்ற கடதாசி ஆட்டம் விளையாடினான், இன்னும் இரண்டு பேருக்கும் பழக்கினான் என்பது குற்றம். தாயைக் கூப்பிட்டு, ஆசிரியர்களும் பெற்றோரும் நின்ற இடத்தில் வைத்து, "உங்கட மகன் சூதாடி" என்று சொன்னார்கள். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை, சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றா. இரண்டு கிழமை முடிந்தும் பெடியன் வரவில்லை.

மூன்றாவது கிழமை நான் வீட்டுக்குப் போனேன். திட்டத்தில் கட்டிய வீடு, முன்பக்கம் இன்னும் பூசவில்லை. தாய் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் விடியப்புறம் ஐந்து மணிக்குப் போனால் இருட்டித்தான் வருவா. தகப்பன் 2009இல் இல்லாமல் போனவர், இவன் அப்போது கைக்குழந்தை. ஒரு தங்கச்சி பதினோராம் ஆண்டு படிக்கிறாள். பெடியன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு தானாகவே உள்ளே போய் ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து வந்து என் கையில் தந்தான்.

அதிபர்களே, அந்தக் கொப்பியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இடது பக்கம் திகதி, எத்தனை மணித்தியாலம், போட்ட காசு, எடுத்த காசு. எல்லாம் அடிமட்டம் வைத்துக் கோடு கீறிய நிரல்கள். வலது பக்கம் செலவு: பௌதிகவியல் வகுப்புக் காசு, கரண்ட் பில், தங்கச்சியின் சப்பாத்து, செவ்வாய்க்கிழமை கட்டவேண்டிய குழுக்கடன் தவணை. "விளையாட்டு" என்ற சொல் எந்தப் பக்கத்திலும் இல்லை. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் "வேலை" என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தான்.

ஏன் தம்பி இது, வேறு வேலை கிடைக்கவில்லையா என்று கேட்டேன். "சேர், கூலிக்குப் போனா பள்ளிக்கூடம் வர ஏலாது. இதெண்டா ராவில செய்யலாம்தானே" என்றான். பள்ளிக்கூடத்தை விடாமல் இருப்பதற்காகவே அவன் இதைப் பிடித்திருக்கிறான். நாங்கள் அதற்காகவே அவனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினோம்.

கொப்பியில் ஒன்று மட்டும் இல்லை. மொத்தம் அவன் கூட்டவே இல்லை. இருவரும் திண்ணையில் இருந்து கூட்டினோம். முதல் இரண்டு மாதம் 18,400 ரூபா இலாபம். அந்தக் காசில்தான் சப்பாத்தும் கரண்ட் பில்லும். அடுத்த மூன்று மாதத்தில் 24,750 ரூபா நட்டம். ஐந்து மாதம், நானூறு மணித்தியாலத்துக்கு மேல் கண்முழித்து, கடைசியில் 6,350 ரூபா கைநட்டம். அந்த எண்ணைப் பார்த்ததும் அவன் முகம் போன விதம் எனக்கு மறக்காது. பிழை செய்து பிடிபட்டவனின் முகமாக அது இருக்கவில்லை. சம்பளம் கொடுக்காமல் ஏமாற்றப்பட்ட கூலிக்காரனின் முகம்தான் அது.

இவன் ஒருவன் மட்டும் இல்லை. என்னிடம் படிக்கிற பிள்ளைகள் சொல்லித்தான் எனக்கே தெரியும். கையில் போன் வந்தது எப்படி என்பதையும் நாங்கள் மறந்துவிடக் கூடாது. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் பூட்டினபோது, வட்ஸ்அப்பில் பாடம் அனுப்புகிறோம், எப்படியாவது ஒரு போன் வாங்கிக் கொடுங்கள் என்று தாய்மாருக்குச் சொன்னது நாங்கள்தான். தோட்டை அடகு வைத்து வாங்கிக் கொடுத்தார்கள். கவரேஜ் தேடிக் குளக்கட்டில் ஏறி நின்று படித்த பிள்ளைகளின் தம்பிமார்தான் இப்போது அதே இடத்தில் இரவு ஒரு மணிக்கு இருக்கிறார்கள்.

சரி, அந்தப் போக்கர் மேசையில் உண்மையில் என்ன நடக்கிறது? உங்களுக்கே அது தெரியாவிட்டால் பிள்ளைக்கு எப்படிச் சொல்வீர்கள்? அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கடதாசி எங்களுக்குப் புதிதில்லை. செத்தவீட்டுப் பந்தலுக்குள் விடிய விடிய 304 விளையாடாத ஊர் வன்னியில் எது? ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2. கூட்டினால் 76, கடதாசியின் நான்கு சாதிக்கும் சேர்த்து 304. கணக்குத் தெரியாத கிழவர்கள் கூட விழுந்த கடதாசி எல்லாவற்றையும் நினைவில் வைத்து விளையாடுவார்கள். அந்த மூளைதான் இந்தப் பெடியளுக்கும். போக்கரில் ஆளுக்கு இரண்டு கடதாசி, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து. 52 கடதாசியில் இரண்டு வரக்கூடிய விதம் 1,326. அதில் ஏஸ் சோடி 6 விதம், அதாவது 221 தடவைக்கு ஒன்று. என் மாணவனுக்கு இது நான் சேர்மானம் படிப்பிக்க முதலே தெரிந்திருந்தது. எந்த நேரம் காசைப் போடுவது, எந்த நேரம் விடுவது என்பதில் திறமைக்கும் நிறைய இடம் இருக்கிறது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றமும் ரம்மியையும் போக்கரையும் திறமை விளையாட்டு என்றே எடுத்துக்கொண்டது. பெடியள் அதைக் காட்டித்தான் எங்களோடு வாதாடுகிறார்கள். ஆகவே இது வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்லி வாயை அடைக்கப் பார்க்காதீர்கள். அவர்கள் உங்களை நம்பமாட்டார்கள், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டார்கள்.

செத்தவீட்டு 304க்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் அவனுக்குச் சொப்பிங் பாக்கின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் காசிலிருந்து மேசை நடத்துகிறவன் ஒரு பங்கு எடுக்கிறான். சின்னக் காசு மேசைகளில் அது நூற்றுக்கு ஐந்து என்பது வழக்கம். ஆறு பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபாவோடு இருக்கிறார்கள் என்று வையுங்கள். மேசையில் 6,000. ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் 100 ரூபா சேர்ந்தால் 5 ரூபா வெளியே போகும். மணித்தியாலத்துக்கு அறுபது ஆட்டம், 300 ரூபா. இருபது மணித்தியாலத்தில் அந்த 6,000 முழுதும் மேசைக்காரனிடம். ஆறு பேரும் ஒரே திறமை என்றால் ஆறு பேரும் வெறுங்கை. உழைக்க வேண்டுமென்றால் மற்ற ஐந்து பேரையும் வென்றால் மட்டும் காணாது, அந்த ஐந்து ரூபாவையும் மீறி வெல்ல வேண்டும்.

அப்படி வெல்லக்கூடியவனும் மாதச் சம்பளம் போல எடுக்க முடியாது. கையில் ஏஸ் சோடி, எதிராளியிடம் கிங் சோடி. இதைவிட நல்ல நிலை கிடைப்பது கஷ்டம். அதிலும் ஏறக்குறைய ஐந்துக்கு ஒரு தடவை தோற்கும். கையிருப்புப் பெரிதாக உள்ளவன் அதைத் தாங்கிக்கொள்வான். குழுக்கடன்காரி செவ்வாய்க்கிழமை வருவா என்று தெரிந்து விளையாடுகிறவன் தாங்கமாட்டான். அவன் பயத்தில் பிழையாக விளையாடுவான். என் மாணவனின் கொப்பியில் பெரிய நட்டங்கள் எல்லாம் திங்கட்கிழமை இரவுகளில் இருந்தன. இதை நான்தான் கண்டுபிடித்துக் காட்டினேன். அதுவரை அவனுக்கே தெரியாது.

எதிரே இருப்பது மனிதன்தானா என்பதும் நிச்சயமில்லை. 2019இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகமும் பேஸ்புக்கும் சேர்ந்து செய்த புளூரிபஸ் என்ற கணினி நிரல், ஆறு பேர் மேசையில் உலகத் தரமான ஆட்டக்காரரை வென்றது. அதைப் பழக்கியெடுக்கக் கணினி வாடகைக்குப் போன செலவு 150 டொலருக்கும் குறைவு. அதற்குப் பிறகு எத்தனை வருடம் போய்விட்டது, யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் காசு இருக்கும் இடம். பெடியள் விளையாடும் பல ஆப்களில் திரையில் தெரிவது வெறும் சிப்ஸ், காசுக்குப் பதிலான வில்லைகள். காசு ஏஜென்ட் ஒருவனின் கையில். அவனுக்கு வங்கியில் போட்டால் சிப்ஸ் தருவான், வென்றால் திருப்பித் தருவான், மனம் இருந்தால். போனை எடுக்காவிட்டால் யாரிடம் போய் முறையிடுவது? பெரிய இணையத்தளங்களில் பதினெட்டு வயது ஆகாதவன் அண்ணனின் அடையாள அட்டையைக் கொடுத்து உள்ளே போகிறான். காசை எடுக்கப் போகும்போது முகத்தைக் காட்டச் சொன்னால் கணக்கு பூட்டுப்படும், காசும் போகும். வளர்ந்தவர்களுக்கே இந்தக் கதி வந்திருக்கிறது. 2011 ஏப்ரல் 15ஆம் திகதி அமெரிக்க அரசு மூன்று பெரிய போக்கர் தளங்கள் மீது வழக்குப் போட்டது. அதில் ஃபுல் டில்ட் என்ற தளத்தில் ஆட்டக்காரர் வைப்பிலிட்ட காசில் பெரும்பகுதி அங்கே இருக்கவில்லை. அமெரிக்க ஆட்டக்காரருக்கு முதல் காசு திரும்பி வர 2014 ஆகிவிட்டது. சட்டமும் வழக்கறிஞரும் உள்ள நாட்டில் மூன்று வருடம். எங்கள் பிள்ளை ஏஜென்டுக்குப் போட்ட ஐயாயிரத்துக்கு எத்தனை வருடம்?

சட்டத்தைப் பற்றிக் கேட்பீர்கள். இந்தியா 2025இல் காசு வைத்து விளையாடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்தது. அதே வருடம் எங்கள் நாடாளுமன்றமும் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஓர் அதிகாரசபை அமைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. நல்லது. ஆனால் அது விசுவமடுவில் மாமரத்துக்குக் கீழ் பாயை விரித்துக்கொண்டு இருக்கும் பெடியனிடம் வந்து சேரும் வரைக்கும் நாங்கள் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

நான் உங்களிடம் கேட்பது இதுதான். முதலில், வகுப்புத்தடையைக் கைவிடுங்கள். இரவு வேலை செய்துவிட்டு வந்து வகுப்பில் தூங்கும் பிள்ளையாக அவனைப் பாருங்கள். சீமெந்து மூட்டை தூக்கிவிட்டு வந்து தூங்கினால் அப்படித்தானே பார்ப்போம். தாயைக் கூப்பிட்டால் கதவைச் சாத்திவிட்டுப் பேசுங்கள். வகுப்புத்தடையில் போன நாட்கள் வரவு வீதத்தைத் தின்னும், பிறகு பரீட்சைக்கு வந்து நிற்கும்.

அடுத்தது, இதை வகுப்பில் பேச விடுங்கள். நிகழ்தகவு பாடத்தில் பகடைக்காயையும் பையில் உள்ள பந்தையும் வைத்தே எத்தனை வருடம் படிப்பிப்பது? அந்த நூற்றுக்கு ஐந்து கணக்கைக் கரும்பலகையில் ஒரு தடவை பிள்ளைகளே செய்து பார்க்கட்டும். 2003இல் இணையத்தில் வென்ற இடத்தோடு லாஸ் வேகஸில் நடந்த உலகப் போக்கர் போட்டிக்குப் போய் 25 இலட்சம் டொலர் எடுத்த கிறிஸ் மணிமேக்கரின் கதை எல்லாப் பெடியளுக்கும் தெரியும். அந்தப் போட்டியில் 839 பேர் இருந்தார்கள் என்பது ஒருவனுக்கும் தெரியாது.

பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு சொல். கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருந்து நீங்கள் அனுப்பும் காசில் வாசல் வளைவுகள் எழும்புகின்றன, உங்கள் அன்பு எங்களுக்குத் தெரியும். அடுத்த வளைவை ஒரு வருடம் தள்ளிவைத்து, அந்தக் காசை ஒரு உயர்தர வகுப்பின் ரியூசன் கட்டணத்துக்கும் பஸ் காசுக்கும் ஒதுக்குங்கள். மேடையில் கூப்பிட்டுக் கொடுக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். இந்தப் பிள்ளைகள் பிறர் கையை எதிர்பார்க்க வெட்கப்பட்டுத்தான் அந்த மேசைக்கே போனார்கள். சும்மா வாங்க மனம் இல்லாதவனுக்குக் கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னேரம் கணிதம் சொல்லிக்கொடுக்கும் வேலையைக் கொடுத்துக் காசைக் கொடுங்கள். என் மாணவன் அதை நன்றாகச் செய்வான். தங்கச்சிக்கு அவன் இருபடிச் சமன்பாடு விளங்கப்படுத்தியதை நான் திண்ணையில் இருந்து கேட்டேன்.

அவன் இப்போது பரந்தன் பக்கம் ஒரு கடையில் போன் திருத்தப் பழகுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்து இரண்டு மணித்தியாலம் கணக்குச் செய்கிறான். ஆப்பை அழித்துவிட்டேன் என்றான், நான் போனை வாங்கிப் பார்க்கவில்லை. அவனுடைய பரீட்சை விண்ணப்பத்தை நிரப்பி என் மேசையில் வைத்திருக்கிறேன். பாடசாலைப் பரீட்சார்த்தியாக அது போக வேண்டும் என்றால் அதிபரின் கையொப்பம் வேண்டும். அந்த அதிபரும் இந்த மடலை வாசிப்பார் என்று நம்புகிறேன். சேர், திங்கட்கிழமை காலை நான் அதைக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
வன்னியில் இருந்து ஒரு கணித ஆசிரியர்