லிங்கனின் சித்தி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவரின் மகனைப் பற்றி நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள், அதுவும் ஒரு காரணம். "அந்தப் பையன் என்னை ஏத்துக்குவானாப்பா?" என்று கேட்டாய். "ஏத்துக்குவாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைப்பது சுலபம். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்தவனுக்கு ஆதாரம் இல்லாமல் வாய் வரவில்லை.

அம்மா இன்னும் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. "ரெண்டாந்தாரமாப் போறதுக்கா படிக்க வச்சோம்" என்று ஆரம்பித்தவள், இப்போது "தாய் செத்தா தகப்பன் சித்தப்பன்" என்பதில் வந்து நிற்கிறாள். அதாவது, உன்னைப் பற்றிய கவலை அந்தப் பையனைப் பற்றிய கவலையாக மாறிவிட்டது. எனக்கென்னவோ அது நல்ல அறிகுறியாகத்தான் படுகிறது. ஆனால் சித்தி என்றாலே கொடுமைக்காரி என்று அவள் மனதில் ஊறிப்போயிருக்கிறது. கதைகளிலும் அப்படித்தான், அவள் சாயங்காலம் பார்க்கும் சீரியல்களிலும் அப்படித்தான்.

எனக்குத் தெரிந்து அந்தக் கணக்கில் சேராத ஒரு சித்தி உண்டு. ஆபிரகாம் லிங்கனின் சித்தி. பாடப்புத்தகத்தில் லிங்கன் கட்டை வீட்டில் பிறந்தார், அடுப்பு வெளிச்சத்தில் படித்தார் என்று இரண்டு வரி வரும். அந்த வீட்டில் அடுப்பு எரிய வைத்தது யார் என்று ஒரு வரிகூட இருக்காது. நானும் வகுப்பில் சிலபஸ் முடிக்கிற அவசரத்தில் அந்த இரண்டு வரியோடு தாண்டிப் போனவன்தான்.

முதலில் அவர் அப்பா தாமஸ் லிங்கனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாமஸுக்கு எட்டு வயது இருக்கும்போது, 1786-ல், அவருடைய அப்பா கென்டக்கியில் சொந்தக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் அந்த மண்ணின் பூர்வகுடி ஒருவர். வெள்ளைக்காரர்கள் உள்ளே வந்து நிலம் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. பக்கத்திலேயே நின்று பார்த்தவன் தாமஸ். மூத்த அண்ணன் துப்பாக்கியை எடுத்துச் சுட்டதால்தான் அவன் தப்பினான். அந்தக் காலத்துச் சட்டப்படி சொத்தெல்லாம் மூத்த மகனுக்குப் போய்விட்டது. கடைசி மகன் தாமஸ் கூலி வேலை செய்து வளர்ந்தான், தச்சு வேலை பழகினான். தன் பெயரைத் தட்டுத்தடுமாறி எழுதுவான், அவ்வளவுதான் படிப்பு. பிறகு அந்த மனிதர் நடந்துகொண்ட விதத்தைப் பார்க்கும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

1806-ல் நான்சி ஹாங்க்ஸைக் கல்யாணம் செய்தார். அடுத்த வருஷம் சாரா என்று ஒரு பெண். 1809 பிப்ரவரி 12-ல் ஆபிரகாம். அதற்கப்புறம் பிறந்த ஒரு பையன் கைக்குழந்தையாகவே போய்விட்டான். கென்டக்கியில் நிலப் பத்திரம் என்பது பெரிய தலைவலி. சரியான சர்வே கிடையாது. ஒரே நிலத்துக்கு இரண்டு மூன்று பேர் பட்டா வைத்துக்கொண்டு வருவார்கள். தாமஸ் காசு கொடுத்து வாங்கிய நிலமெல்லாம் இப்படியே வழக்கில் போனது. அது அடிமை முறை இருந்த மாநிலமும்கூட. 1816 கடைசியில் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ஒஹையோ ஆற்றைத் தாண்டி இந்தியானாவுக்குப் போனார். அங்கே அடிமை முறை இல்லை, நிலத்தை அரசாங்கமே அளந்து விற்றது. பின்னாளில் லிங்கனே இந்த இரண்டு காரணத்தையும் எழுதியிருக்கிறார். கொஞ்சம் அடிமை முறை, பெரும்பாலும் பத்திரச் சிக்கல் என்று. அடிமை முறையை ஒழித்தவர் குடும்பம் ஊர்விட்டு ஊர் போனது முக்கியமாகப் பட்டா பிரச்சினையால் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

இந்தியானாவில் அப்போது கரடி திரிகிற காடு. எட்டு வயதுகூட நிரம்பாத பையன் கையில் கோடாரியைக் கொடுத்துவிட்டார்கள். 1818-ல் அந்தப் பக்கம் ‘பால் நோய்’ வந்தது. வெள்ளைப் பூ பூக்கிற ஒரு விஷச் செடியைக் காட்டில் மேயும் மாடு தின்னும். அந்த விஷம் பாலில் இறங்கும். குடித்தவர்களுக்குக் கை கால் நடுங்கி, வாந்தி எடுத்து, சில நாட்களில் உயிர் போய்விடும். காரணம் செடி என்று அப்போது அவர்களுக்குத் தெரியாது. முதலில் பக்கத்தில் குடியிருந்த நான்சியின் சித்தியும் சித்தப்பாவும் போனார்கள். அக்டோபர் 5-ஆம் தேதி நான்சியும் போய்விட்டார். வயது 34. சவப்பெட்டி செய்தது தாமஸ்தான். அதற்கு மர ஆணி சீவிக் கொடுத்தது ஒன்பது வயது மகன் என்று சொல்வார்கள்.

அதற்கடுத்த ஒரு வருஷத்தைத்தான் நீ கவனிக்க வேண்டும். பதினோரு வயது அக்கா சமைத்தாள், துணி தைத்தாள், வீட்டைப் பார்த்தாள். டென்னிஸ் ஹாங்க்ஸ் என்று இருபது வயது உறவுக்காரப் பையனும் அவர்களோடுதான் இருந்தான். தாமஸ் பிள்ளைகளை விட்டுவிட்டு ஒருநாள் கென்டக்கிக்குக் கிளம்பிப் போனார். பழைய ஊரில் அவருக்குத் தெரிந்த ஒரு பெண் விதவையாக இருந்தார். சாரா புஷ் ஜான்ஸ்டன், மூன்று பிள்ளைகள். (அக்கா பெயரும் சாரா, சித்தி பெயரும் சாரா. குழப்பிக்கொள்ளாதே.) 1819 டிசம்பர் 2-ஆம் தேதி கல்யாணம். அப்போது சித்திக்கு 31 வயது நிறைய சில நாட்கள்தான் பாக்கி. உன் வயதுதான்.

அந்த அம்மா வண்டி நிறையச் சாமான் ஏற்றிக்கொண்டு வந்தார். வால்நட் மரத்தில் செய்த இழுப்பறை அலமாரி, மெத்தை, பாத்திரம் பண்டம், சில புத்தகங்கள். அம்மா கேட்டால் சீர்வரிசை என்பாள். வந்து இறங்கியதும் முதல் வேலையாக இரண்டு பிள்ளைகளையும் குளிப்பாட்டி, நல்ல துணி போட்டுவிட்டார். அப்புறம்தான் மனுஷப் பிள்ளைகள் மாதிரி தெரிந்தார்கள் என்று வயதான காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு மரத் தளம் போடச் சொன்னது, ஒழுங்கான கதவு ஜன்னல் வைக்கச் சொன்னது எல்லாம் அவர்தான் என்று உறவுக்காரர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனால் அவரைக் கேட்டபோது "நாங்க போனப்ப வீடு ஓரளவு வசதியாத்தான் இருந்தது" என்றார். புருஷனை விட்டுக்கொடுக்காத பேச்சு.

அந்த ஓர் அறைக் கட்டை வீட்டில் இப்போது எட்டுப் பேர். அவர் பிள்ளைகள் மூன்று, இவர் பிள்ளைகள் இரண்டு, டென்னிஸ் வேறு. தன் பிள்ளைக்கு ஒரு தட்டு, மூத்தாள் பிள்ளைக்கு ஒரு தட்டு என்று அங்கே நடக்கவில்லை. நடந்திருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள். லிங்கன் பிரபலமானதும் அந்த ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் வாய் திறந்தார்கள், இதைப் பற்றி ஒரு புகாரும் வரவில்லை.

அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பத்திரத்தில் கையெழுத்துக்குப் பதில் குறிதான் போடுவார். ஆனாலும் இந்தப் பையனுக்கு என்ன வேண்டும் என்று அந்த வீட்டில் அவருக்குத்தான் தெரிந்தது. பையன் கிடைத்ததையெல்லாம் படிப்பான். ஏதாவது வரி பிடித்துவிட்டால், காகிதம் இல்லாவிட்டால் பலகையில் எழுதி வைப்பான். காகிதம் கிடைத்ததும் அதில் திரும்ப எழுதி, மனப்பாடமாகச் சொல்லிப் பார்ப்பான். இதையெல்லாம் இவ்வளவு நுணுக்கமாகச் சொன்னது அந்தச் சித்திதான். பள்ளிக்கூடம் போன நாளையெல்லாம் கூட்டினால் ஒரு வருஷம்கூடத் தேறாது என்று லிங்கன் பின்னாளில் எழுதினார். மீதியெல்லாம் வீட்டில்தான்.

தாமஸுக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்று டென்னிஸ் சொல்கிறான். வேலையை விட்டுவிட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தால் சில சமயம் அடியும் விழுமாம். சித்தியைக் கேட்டால், "முடிஞ்ச வரைக்கும் அவர் பையன் படிக்கிறதைத் தடுத்ததே இல்ல" என்கிறார். யார் சொல்வது நிஜம்? நான் டென்னிஸ் பக்கம். அந்த அம்மா யாரையுமே விட்டுக்கொடுத்துப் பேசியதில்லை, அதனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் சாட்சியம் கொஞ்சம் பலவீனம். அடி விழுந்த வீட்டில் நடுவில் நின்றது யார் என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது.

அக்கா சாரா 1828-ல் பிரசவத்தில் இறந்துபோனாள், இருபது வயது. லிங்கன் 22 வயதில் வீட்டைவிட்டுத் தனியாகக் கிளம்பினார். அதற்கப்புறம் அப்பாவோடு ஒட்டுதலே இல்லை. 1851-ல் தாமஸ் சாகக் கிடந்தபோது கடிதம் போட்டும் போகவில்லை. இப்போது பார்த்துக்கொண்டால் சந்தோஷத்தைவிட வேதனைதான் அதிகமாக இருக்கும் என்கிற மாதிரி பதில் எழுதினார். சாவுக்கும் போகவில்லை. எனக்கு இது மனதுக்கு ஒப்பவில்லை, இருந்தாலும் நடந்தது நடந்ததுதான்.

சித்தி விஷயத்தில் அப்படியே நேர்மாறு. 1841-ல் 200 டாலர் கொடுத்து 40 ஏக்கரைத் தன் பெயரில் வாங்கி, அப்பாவும் சித்தியும் சாகும்வரை அனுபவித்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தார். அப்பா இறந்த வருஷம் சித்தியின் சொந்த மகன் ஜான் நிலத்தை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போகப் பார்த்தான். சோம்பேறி அவன். கிழக்குப் பக்கத்து நாற்பது ஏக்கரை அம்மா உயிரோடு இருக்கும்வரை அவருக்காக வைத்திருப்பேன், விற்கவிட மாட்டேன் என்று லிங்கன் கறாராகக் கடிதம் எழுதினார். பெற்ற மகன் விற்கப் பார்த்ததை வளர்த்த மகன் காப்பாற்றினார். அந்தக் கடிதத்தில் ‘அம்மா’ என்றுதான் எழுதியிருக்கிறார்.

அதற்காகப் பெற்றவளை மறந்துவிட்டார் என்று எண்ணாதே. 1844-ல் தேர்தல் பிரசாரத்துக்காக இந்தியானா பக்கம் போனவர், அம்மாவும் அக்காவும் புதைக்கப்பட்ட அந்த ஊரைப் பார்த்ததும் மனம் கலங்கிக் கவிதை எழுத உட்கார்ந்துவிட்டார். இதை உன் அம்மாவிடம் நேற்று ராத்திரி சொன்னேன். அந்தப் பையன் வீட்டில் அவன் அம்மா போட்டோ மாட்டியிருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும் என்று நீ சொன்னாயே, அதையும் சேர்த்துச் சொன்னேன். பதில் பேசவில்லை. ஆனால் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

1861 ஜனவரி கடைசியில், ஜனாதிபதியாகப் பதவி ஏற்கப் போகும் முன், சித்தி அப்போது இருந்த இல்லினாய்ஸ் கிராமத்துக்கு ரயிலும் குதிரை வண்டியுமாகப் போய் அவரைப் பார்த்தார். திரும்பப் பார்க்க மாட்டோம் என்று அந்த அம்மா அழுதார். அவன் ஜெயிக்கக் கூடாது என்றே நினைத்தாராம், ஏதாவது ஆகிவிடும் என்று உள்மனசு சொன்னதாம். 1865 ஏப்ரலில் சுட்டுவிட்டார்கள். அந்த செப்டம்பரில் லிங்கனோடு சேர்ந்து வக்கீல் தொழில் செய்த ஹெர்ன்டன் போய் அவரைப் பார்த்துப் பேசி எழுதிக்கொண்டார். நான் மேலே சொன்னதில் பாதி அதிலிருந்துதான். அதில் ஒரு இடம்: எனக்கும் ஜான் என்று ஒரு மகன் இருந்தான், இரண்டு பேருமே நல்ல பிள்ளைகள், ரெண்டு பேருமே இப்போ இல்லை, அதனால் சொல்கிறேன், ஆபிரகாம் மாதிரி ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. இன்னோர் இடத்தில், அவன் புத்தியும் என் புத்தியும், எனக்கு இருந்த கொஞ்சமும், ஒரே பக்கமாகத்தான் ஓடும் என்கிறார்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். பையன் ஏற்றுக்கொள்வானா என்பதில் எனக்குப் பெரிய பயம் இல்லை. ஒன்பது வயதில் தாயை இழந்தவன், முன்பின் தெரியாத ஒரு பெண்ணைப் பத்து வயதில் ‘அம்மா’ என்றிருக்கிறான். உன் விஷயத்தில் நாளாகலாம். ஆகட்டும். ‘அம்மா’ என்று கூப்பிடச் சொல்லி யாரும் அவனை நெருக்க வேண்டாம், ‘ஆன்ட்டி’ என்றே இருந்தாலும் பரவாயில்லை.

நான் கேட்க நினைப்பது அவன் அப்பாவைப் பற்றி. தாமஸ் கென்டக்கிக்குப் போனது பிள்ளைகளுக்கு ஒரு தாய் வேண்டும் என்றா, சமைக்க ஓர் ஆள் வேண்டும் என்றா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன், அந்தக் காட்டில் அதைத் தப்பு சொல்லவும் முடியாது. ஆனால் நீ போவது காடு அல்ல, கோயம்புத்தூர். அங்கே ஹோட்டல் இருக்கிறது, ஆள் வைத்துக்கொள்ளவும் வசதி இருக்கிறது. பையனுக்குக் காய்ச்சல் என்றால் யார் லீவு போடுகிறார்? வீட்டுப்பாடம் யார் பார்க்கிறார்? இந்த இரண்டு வருஷத்தில் அவரே செய்திருக்கிறாரா, இல்லை அவர் அம்மா தலையில் கட்டியிருக்கிறாரா? கல்யாணத்துக்கப்புறமும் செய்வாரா? நீ கேட்டுவிட்டு எனக்குச் சொல்ல வேண்டும் என்பதில்லை. நீ கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும். லிங்கன் வீட்டில் அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் அந்த அம்மா முப்பது வருஷம் நின்றார். அந்த வேலை உனக்கு வரக் கூடாது.

அரையாண்டு லீவுக்கு அவர்கள் இரண்டு பேரையும் கோவில்பட்டிக்கு அழைத்து வா. அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "வரட்டும்" என்றாள், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியிலிருந்தே, "அந்தப் பையன் காரம் தின்பானான்னு கேட்டு எழுதுங்க" என்றாள். கேட்டு எழுது. டிக்கெட் இப்போதே போட்டுவிடு, லீவு நேரத்தில் கிடைக்காது.

அன்புடன்,
அப்பா