கைப்பந்துக் கழகச் செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பெற்றோர்களே, வணக்கம்.

கழகத்தின் வழக்கமான பணிகள் குறைவின்றி நடந்தேறின. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நம்மிடம் பயிலும் பள்ளி மாணவ மாணவியரை வாரத்தில் இரண்டு காலை வேளைகளில் தடகளப் பயிற்சிக்கு அனுப்பியது பற்றியே நான் விரிவாகக் கூற வேண்டியுள்ளது.

கைப்பந்து ஆடும் பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு என்று பெற்றோர் சிலர் கேட்டது நியாயமே. ஓர் அணிக்கு உரிய களம் 9 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்டது. அதற்குள் எவரும் நெடுந்தூரம் ஓடுவதில்லை. ஆயினும் பெரும்பாலான புள்ளிகள் சில நொடிகளில் முடிந்துவிடுவதால், முதல் இரண்டு மூன்று எட்டுகளில் பிறக்கும் விரைவுதான் விலகிச் சென்ற பந்தை லிஃப்டர் (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) எட்டுவாரா, லிபரோ (பின்களத் தடுப்புக்கென்றே ஆடுபவர்) அதைத் தரைக்கு மேல் எடுப்பாரா என்பதை முடிவு செய்கிறது. எனவே மைதானத்தைப் பல சுற்று சுற்ற வைக்கும் பழைய வழக்கத்தைக் குறைத்து, 20, 30 மீட்டர் விரைவோட்டங்களைப் போதிய இடைஓய்வுடன் கொடுத்தோம். சுற்றோட்டம் மூச்சைப் பழக்கும் என்பதில் ஐயமில்லை. அது கால்களையும் மெதுவாக ஓடவே பழக்கிவிடும் என்பது என் கருத்து.

உயரம் தாண்டுதலால் கிடைத்த பயன் இதனினும் பெரிது. ஸ்மாஷ் (எழும்பி வலைக்கு மேலிருந்து பந்தை ஓங்கி அடிப்பது) அடிக்க ஓடி வருபவர், கடைசிக்கு முந்தைய எட்டை நீட்டி, இடுப்பைச் சற்றே தாழ்த்தி, இறுதி எட்டைக் குறுக்கி ஊன்றினால்தான் முன்னோக்கிய வேகம் மேல்நோக்கித் திரும்பும்; இல்லையேல் வலையில் மோதித் தவறிழைப்பார். உயரம் தாண்டுபவர் ஒற்றைக் காலில் எழும்புகிறார், நம்மவர் பெரும்பாலும் இரு கால்களில் எழும்புகிறார் என்பதைத் தவிர அடிப்படை ஒன்றே. 2.24 மீட்டர் வலைக்கு மேல் கை எழாமல் தவித்த மாணவியர் சிலர் இப்போது தயங்காமல் அடிக்கின்றனர்.

குதிப்பு மிகுந்தால் முழங்கால் தசைநாண் நோகும் என்பதால், தாண்டுதல் பயிற்சி உள்ள நாளில் ஸ்மாஷ் பயிற்சியைக் குறைத்துக்கொண்டோம். வலி சொன்ன பிள்ளைகளை வற்புறுத்தவில்லை.

பள்ளிக் கல்வித் துறையின் பாரதியார் தினக் குழு விளையாட்டுப் போட்டிகளுக்கும் குடியரசு தினத் தடகளப் போட்டிகளுக்கும் ஒருவரே ஆயத்தமாகும்போது ஓய்வு நாள்கள் பறிபோகின்றன. இதற்கான கால அட்டவணையை உடற்கல்வி ஆசிரியர்களுடன் கலந்து வகுக்கவும், தாண்டுகுழிக்கு மணல் நிரப்பவும் பேரவையின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்