ஈறில் கசியும் ரத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல் சொத்தை குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரை பயனுள்ளதாக இருந்தது. ஆனால், பெரியவர்கள் பற்களை இழப்பதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றான ஈறுநோயை அது ஒரே வரியில் கடந்து சென்றது எனக்கு வருத்தமளித்தது.

எனக்குச் சர்க்கரை நோய் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. பல் துலக்கும்போது ரத்தம் கசிந்ததால், புண்படுமோ என்று அஞ்சி, அந்தப் பக்கத்தைத் தொடாமலே விட்டுவந்தேன். வலி இல்லாததால் பல் மருத்துவரிடமும் போகவில்லை. சர்க்கரைக்காக நான் பார்த்துவந்த மருத்துவர்களும் ஈறைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கீழ்வரிசைப் பற்கள் இரண்டு ஆடத் தொடங்கிய பிறகுதான் நான் செய்துவந்தது நேர் எதிரான காரியம் என்று தெரிந்தது.

துலக்கிய சில மணி நேரத்திலேயே பாக்டீரியாக்கள் பற்களில் மீண்டும் படிந்து, மெல்லிய பிசுபிசுப்பான படலமாகின்றன. வாயில் காணப்படும் ஏறத்தாழ 700 வகைகளில் பெரும்பாலானவை தீங்கற்றவையே. படலம் ஈறின் விளிம்பில் நீக்கப்படாமல் தங்கும்போதுதான் நிலைமை மாறுகிறது. 1965இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான ஈறுகளைக் கொண்ட சிலர் பல் துலக்குவதை நிறுத்தியபோது, மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் அது மறைந்தது. அந்தக் கட்டத்தைத் தவறவிட்டால், பல்லுக்கும் ஈறுக்கும் இடையே பள்ளம் ஆழமாகி, காற்றுப் புகாத அந்த இடத்தில் போர்பிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. அவற்றை எதிர்த்து நம் உடல் நடத்தும் போராட்டமே பல்லைத் தாங்கும் எலும்பையும் அரித்துவிடுகிறது. அரிக்கப்பட்ட எலும்பு தானாக வளர்வதில்லை. புகைபிடிப்பவர்களுக்கு ரத்தக் கசிவுகூடக் குறைவாகவே தெரியும் என்பதால், அவர்கள் இன்னும் தாமதமாகவே இதை உணர்கிறார்கள்.

சர்க்கரை நோய்க்கும் ஈறுநோய்க்கும் உள்ள உறவு இருவழியானது. சர்க்கரை கட்டுப்படாதபோது ஈறு எளிதில் கெடுகிறது. ஈறின் தீராத அழற்சி சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகிறது. ஈறுக்கு அடியில் படிந்த காரையை அகற்றிச் சிகிச்சை செய்தால், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஏறத்தாழ 0.4 சதவீதப் புள்ளி குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மருந்துக்கு இது மாற்றல்ல என்றாலும், அலட்சியப்படுத்தத்தக்க அளவுமல்ல.

இதய நோயைப் பற்றி எழுதும்போது மட்டும் நிதானம் தேவை. வாயிலுள்ள பாக்டீரியாக்கள் ரத்தத்தில் கலந்து இதய வால்வுகளைத் தாக்கக்கூடும் என்பது உறுதியானது. அதனால்தான் செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர்களுக்குச் சில பல் சிகிச்சைகளுக்கு முன் ஆன்டிபயாடிக் தருகிறார்கள். ஆனால், ஈறுநோய் உள்ளவர்களிடம் மாரடைப்பு கூடுதலாகக் காணப்படுகிறது என்பதை வைத்து, ஈறைச் சரிசெய்தால் மாரடைப்பு வராது என்று எழுதுவது நிரூபிக்கப்படாத வாக்குறுதி.

ஈறுநோய் நிபுணர் ஒருவரும் சர்க்கரை நோய் மருத்துவர் ஒருவரும் சேர்ந்து எழுதும் கட்டுரையைத் தங்கள் மருத்துவப் பகுதியில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். துலக்கும்போது ரத்தம் வந்தால் துலக்குவதை நிறுத்தாமல், மென்மையாகத் தொடர்ந்தபடியே பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது அதன் முதல் பத்தியிலேயே இடம்பெறட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்