பழுத்த குலைக்கு ஒரு குணம்

மக்ளே,

நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு பேத்தியைக் காட்டு, பேத்தியைக் காட்டு என்று போனைப் பிடுங்கியதில் நீ கேட்டது அப்படியே போய்விட்டது. பிள்ளைக்கு ஏழு மாசம் ஆச்சு, வாழைப்பழம் கொடுக்கலாமா, ராத்திரி கொடுத்தால் சளி பிடிக்கும் என்று மாமியார் சொல்கிறாங்க, எனக்கு நீ எந்தப் பழம் கொடுத்தாய், அதில் என்ன சத்து என்று மூச்சு விடாமல் கேட்டாய்.

கொடு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த பழமாக எடுத்து, கட்டியில்லாமல் மசித்து, முதல் நாள் ரெண்டு ஸ்பூன் போதும். சர்க்கரை வேண்டாம், தேன் கூடவே கூடாது, ஒரு வயசு தாண்டும்வரை தேன் பக்கம் போகாதே. துண்டாகக் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பாதே. சளி கிருமியால் வருவது, பழத்தால் வருவதில்லை, ஆனால் இதை நீயாகப் போய் மாமியாரிடம் விளக்க வேண்டாம், பகலில் கொடுத்துவிட்டால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை.

சத்து என்ன என்று கேட்டாயே, அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். வாழைப்பழத்தைப் பற்றி உனக்கு நான் சொல்லி வளர்த்ததில் பாதி எங்க அம்மா வாயில் வந்தது, மீதி என் வாயில் வந்தது. இப்போது நீ அதை உன் பிள்ளைக்குச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் உண்மை சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

உனக்குப் பாட்டாவின், என் அப்பாவின், வாழைத்தோட்டம் தெரியாது, நீ பிறப்பதற்கு முன்னாலேயே விட்டுவிட்டார். குலசேகரம் பக்கம் குத்தகைக்கு நிலம் எடுத்து ஏத்தன், அதாவது நேந்திரன் வாழை, போட்டிருந்தார். ஓணத்துக்கு வெட்டுகிற மாதிரி பத்துப் பதினோரு மாசம் முன்னால் கணக்குப் பண்ணித்தான் கன்று வைப்பார், அந்தச் சந்தையில் கிடைக்கிற விலைதான் எங்களுக்கு அந்த வருஷத்துப் பள்ளிக்கூட நோட்டும் தீபாவளித் துணியும். அதனால் நல்ல குலை ஒன்றுகூட வீட்டு வாசல் ஏறாது. வருவது காற்றில் ஒடிந்த குலை, வௌவால் கடித்த சீப்பு, சூம்பிப்போன கடைசிக் காய்கள். இது தவிர வீட்டுக் கொல்லையில் அடுக்களைத் தண்ணீர் போகிற இடத்தில் ரெண்டு மூடு பாளையங்கோட்டான், கிணற்றடியில் பேயன், வேலியோரம் ஒரு மூடு மட்டி. நாங்கள் பிள்ளைகள் ஐந்து பேர்.

எங்க அம்மாவுக்கு எந்தப் பழத்துக்கும் ஒரு குணம் சொல்லத் தெரியும். பாளையங்கோட்டான் பழுத்தால் வயிறு சுத்தமாகும். பேயன் பழுத்தால் உடம்புச் சூடு தணியும், வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தாலும் எங்கள் உடம்பில் சூடு இருக்கும். ஏத்தன் வந்தால் சதை பிடிக்கும். மட்டி கைக்குழந்தைக்கு உள்ளது, பெரிய பிள்ளைகள் தின்றால் மந்தம். மட்டிக் குலை சின்னது, ஐந்து பேருக்குப் பங்கு வைத்தால் ஒரு நாளில் தீர்ந்துவிடும், அதனால்தான் இந்த மந்தம். செந்துளுவன், அந்தச் செவ்வாழை, மட்டும் ஆகவே ஆகாது, பயங்கரச் சூடு, பிள்ளைகள் தொடக்கூடாது. எங்கள் வீட்டில் செந்துளுவன் கிடையாது. ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரர்கள் ரெண்டு பழம் கொடுத்தார்கள், அன்றைக்கு ராத்திரியே செந்துளுவன் கண்ணுக்கு நல்லது என்று ஆகிவிட்டது.

ஓணத்துக்கு முன்னால் பாட்டா குழியில் புகை போடுவார், அது எங்களுக்குத் திருவிழா மாதிரி. குழிக்குள் வாழைச்சருகு விரித்து, குலைகளைத் தலைகீழாக அடுக்கி, மேலே மறுபடி சருகு போட்டு மண்ணால் மெழுகுவார். ஒரு ஓரத்தில் வாய் உடைந்த பானையில் தேங்காய்க் கதம்பை நெருப்பு, அதை ஊதி ஊதிப் புகையை உள்ளே அனுப்ப வேண்டும். ஊதுவது எங்கள் வேலை, கண்ணெல்லாம் சிவந்து மூக்கில் கரி ஒழுகும். ரெண்டாவது நாள் மண்ணைத் தட்டி உடைக்கும்போது புகையும் பழமும் கலந்து ஒரு வாசனை முகத்தில் அடிக்கும் பார், அந்த வாசனையை நான் அதற்கப்புறம் எந்தக் கடையிலும் மோந்ததில்லை. புகையில் எத்திலீன் இருக்கிறது, பழத்துக்குள் இயற்கையாக ஊறுகிற வாயுவும் அதேதான், அதுதான் பழுக்க வைக்கிறது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். இப்போது சந்தைக்காரர்கள் குளிர் அறையில் அந்த வாயுவையே அளந்து விடுகிறார்கள், அதற்கு அனுமதி உண்டு. கார்பைடு கல் வைப்பதற்குத்தான் தடை. தடை இருந்தும் வைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், அது வேறு கதை.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு வருஷம் காற்று அடித்து, குலை தள்ளி முப்பது நாற்பது நாளான வாழை அத்தனையும் இடுப்பொடிந்து விழுந்தது. முற்றாத காய், சந்தையில் யாரும் தொடமாட்டார்கள். பாட்டா சுமந்து கொண்டுவந்து திண்ணையில் போட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் குளிக்கப் போனார். அடுத்த ரெண்டு வாரம் காலையில் அவித்த காய், மத்தியானம் துவரன், ராத்திரி புளிக்கறி. அம்மா கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு காய் சீவுவாள், அப்படியும் கறை ஏறி நகக்கண் எல்லாம் கறுத்துக் கிடக்கும், என் ஒரே நல்ல பாவாடையிலும் அந்தக் கறை கடைசிவரை போகவில்லை. தம்பி சோறு வேணும் என்று அழுதபோது அம்மா சொன்னாள், "பச்சைக்காய் வயித்துக்கு ரொம்ப நல்லது மக்ளே, புண்ணு வராது." நாங்கள் நம்பினோம். மருந்து என்று நினைத்துத்தான் விழுங்கினோம். வீட்டில் அரிசி இல்லை என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

வேடிக்கை என்னவென்றால் அவள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. டாக்காவில் நாள்பட்ட வயிற்றுப்போக்கு இருந்த குழந்தைகளுக்கு வேகவைத்த பச்சைக்காய் கொடுத்துப் பார்த்து, நல்ல பலன் இருந்தது என்று 2001-ல் ஆய்வாகவே வெளியிட்டிருக்கிறார்கள். பச்சைக்காயில் இருக்கிற மாவு சட்டென்று செரிக்காமல் பெருங்குடல் வரைக்கும் போகுமாம். பழுத்த பிறகு அந்த மாவு சர்க்கரையாக மாறிவிடுகிறது. ஆக ஒரே குலை காயாக இருக்கும்போது வயிற்றைக் கட்டும், கனிந்தால் இளக்கும். அம்மா கண்ணை மூடிக்கொண்டு சொன்னதில் ஒன்றிரண்டு இப்படிச் சரியாக விழுந்துவிட்டது.

இனி என் பங்கு. பழத்தை நறுக்கி வைத்தால் கறுக்கிறது, பார், அத்தனையும் இரும்புச்சத்து என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது. சுத்தத் தப்பு. காற்றுப் பட்டதும் பழத்தில் இருக்கிற என்சைம் செய்கிற வேலை அந்தக் கறுப்பு. 100 கிராம் பழத்தில் இரும்பு கால் மில்லிகிராமை ஒட்டித்தான் இருக்கிறது, அதற்கு முருங்கைக்கீரை எவ்வளவோ மேல். பொட்டாசியம் 350 மில்லிகிராம் பக்கம், அது உண்மையிலேயே நல்ல அளவு. அப்புறம் வைட்டமின் பி6 கொஞ்சம், நார்ச்சத்து கொஞ்சம், உடனே தெம்பு தருகிற சர்க்கரை. அவ்வளவுதான் அதன் சொத்து. ரெண்டு ஒட்டிக்கிடக்கிற ஒட்டுப்பழம் தின்றால் இரட்டைப் பிள்ளை பிறக்கும் என்று உன்னிடமிருந்து பிடுங்கியதற்கு ஒரு ஆதாரமும் இல்லை, எனக்குப் பிடிக்கும், அதனால் பிடுங்கினேன்.

இன்னொன்று, பூச்சி மாத்திரை. உனக்கு நாலு வயசில் மட்டிப்பழத்துக்குள் பொடித்து வைத்துக் கொடுத்தேன், நீ கடித்து, கசந்து, துப்பி, அதற்கப்புறம் ஆறு மாசம் எந்தப் பழம் கொடுத்தாலும் விரலை விட்டுக் குடைந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவாய். வந்தவர்களெல்லாம் இந்தப் பிள்ளை ஏன் பழத்தைத் தோண்டுகிறது என்று கேட்பார்கள். சாளை மீன் முள் தொண்டையில் குத்தினபோது முழுப்பழத்தை விழுங்கச் சொன்னதும் தப்புதான், முள் இன்னும் ஆழமாக இறங்கிவிடும் என்கிறார் டாக்டர். அன்றைக்கு முள் போய்விட்டது, நம் நல்ல நேரம். உன் பிள்ளைக்கு அப்படிச் செய்யாதே.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது நீ சென்னையில் வேலையில் இருந்தாய். நம் கொல்லையில் நின்ற ஏத்தன் ஆறு மூடும் ஒரே ராத்திரியில் விழுந்தது, மாவட்டம் முழுக்க வாழையும் ரப்பரும் அப்படித்தான் கிடந்தது. நாள்கணக்காகக் கரண்ட் இல்லை, கடை இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நான் காயைச் சீவிப் புளிக்கறி வைத்தேன். மூணாவது நாள் அப்பா தட்டைப் பார்த்துவிட்டு, இன்றைக்கும் இதேதானா என்றார். நான் சொன்னேன், "பச்சைக்காய் வயித்துக்கு ரொம்ப நல்லது, புண்ணு வராது." சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது, அது என் குரலே இல்லை. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. திண்ணையில் கிடந்த காய்களும் தம்பி அழுததும் அம்மாவின் கறுத்த நகமும் அந்த அடுக்களை இருட்டில்தான் எனக்கு ஒன்றுசேர்ந்தது. அவள் மருத்துவம் படித்ததில்லை. வீட்டில் எந்தக் குலை பழுத்ததோ அதற்கு ஒரு குணம் கண்டுபிடிப்பாள், எது இல்லையோ அதற்கு ஒரு கெடுதி கண்டுபிடிப்பாள், அவ்வளவுதான் அவள் வைத்தியம். இதை அவளிடம் சொல்லிச் சிரிக்க அவள் இல்லை.

சரி, அப்பா விஷயம். ரத்தத்தில் கிரியாட்டினின், அதுதான் கிட்னி சுணங்கினால் ஏறுகிறது, கூடியதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார், நான் சொல்லிவிடுகிறேன், பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரையில் நிற்கிறது. கிட்னிக்கு நல்லது என்று நாலு வருஷமாகக் காலையில் வாழைத்தண்டுச் சாறு குடித்துக்கொண்டிருந்தார், உனக்குத் தெரியும், வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அதன் பெருமையைப் பேசுவார். டாக்டர் முதலில் நிறுத்தச் சொன்னதே அதைத்தான். அடுத்தது பழம், இளநீர். கிட்னி சரியாக வேலை செய்யாதபோது பொட்டாசியம் வெளியே போகாமல் ரத்தத்தில் ஏறி நெஞ்சுத் துடிப்பையே கெடுக்குமாம். இத்தனை வருஷம் எந்தச் சத்துக்காகத் தின்றாரோ அதே சத்து. மனுஷன் வாயைத் திறக்காமல் வீடு வந்து சேர்ந்தார். காலையில் புட்டும் பயறும் பப்படமும் வைத்தால் பழம் இருக்கவேண்டிய இடத்தைத் தட்டில் காலியாகவே விட்டுச் சாப்பிடுகிறார். போன வாரம் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு மட்டித்தோல் கண்டெடுத்தேன். எலி என்றார். எலி தோலை உரித்து மடித்து வைக்குமா? ஒன்றுதானே என்று விட்டுவிட்டேன், டாக்டரிடம் நீ போட்டுக் கொடுத்துவிடாதே.

மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அதன் விலை பக்கத்தில் போகமுடியவில்லை, இருந்தாலும் ஒரு கன்று வாங்கி வேலியோரம் வைத்திருக்கிறேன். அயர்லாந்தில் உனக்குக் கிடைப்பது நம்ம ஊர் மோரிஸ் மாதிரிப் பழம்தான், தேனிப் பக்கம் ஜி9 என்று ஏக்கர் ஏக்கராகப் போடுகிறார்களே அந்த இனம். வாசனை கிடையாது, கட்டையாக இருக்கும், ஆனால் பிள்ளைக்கு அது போதும், அவளுக்கு மட்டி தெரியாதே. வீடியோவில் நீ காட்டின பழம் இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது, ரெண்டு நாள் வெளியே வை, ஃப்ரிட்ஜில் வைக்காதே.

அந்தப் பழத்தின் மேலே சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததை அப்பா பார்த்துவிட்டார். எந்த நாட்டுக் குலை என்று அதில் போட்டிருக்குமா, படித்துச் சொல்லச் சொல்லு என்கிறார். நேற்றிலிருந்து மூணு தடவை கேட்டுவிட்டார். உரித்தால் தூக்கிப் போடாதே, ஒரு படம் எடுத்து அனுப்பு.

அம்மா